நெருப்பு சுடாத கால்

பெரம்பலூர்
9-5-1983

அண்ணனுக்கு,

வேம்பு எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்தால் பிரிக்க மாட்டீர்கள் என்று விலாசத்தை மட்டும் என்னோடு வேலை செய்யும் இன்னொரு நர்ஸைக் கொண்டு எழுத வைத்தேன். பிரித்துவிட்டீர்கள். முழுதும் படித்துவிடுங்கள்.

அப்பாவின் கருமாதி அன்று, "அப்பன் கால வெட்டக் கையெழுத்துப் போட்டவ இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது" என்று சொன்னீர்கள். மூன்று வருடமாக மிதிக்கவில்லை. அதைப் பற்றிப் பேச இப்போதும் எழுதவில்லை.

உங்கள் தெரு பொன்னாயி அக்கா, மகள் பிரசவத்துக்காக எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். "ஒங்க அண்ணன் செல்லதுர இந்த வருசம் தீமிதியில புல்லு மேல நடக்குற மாதிரி நடந்துச்சு வேம்பு. சுடவே இல்ல, ஆத்தா பூவா தாங்குனான்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்கு. ஆளுதான் பாதியா எளச்சிப் போச்சு. குடம் குடமா தண்ணி குடிக்குது" என்றார். அவர் சந்தோஷமாகத்தான் சொன்னார். எனக்கு அதற்கு மேல் வார்டில் நிற்க முடியவில்லை.

பன்னிரண்டு வருடமாகத் தீ மிதிக்கிறீர்கள். தீயைத் தாண்டிப் பால் ஊற்றிய பால் குழியில் காலை வைத்ததும் "யப்பா" என்று மூச்சு விடுவீர்கள். பக்கத்தில் நின்று நானே கேட்டிருக்கிறேன். இந்த வருடம் மட்டும் ஏன் சுடவில்லை?

அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தது. உங்களுக்கு இப்போது நாற்பத்தாறு. சர்க்கரை வெளியே தெரியாமல் பல வருடம் உடம்பில் இருந்தால் பாதத்தின் உணர்ச்சியை மெல்ல மெல்லத் தின்றுவிடும். வலி போய்விடும். வலி போனதை ஆரோக்கியம் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள்.

ஒன்றே ஒன்று செய்யுங்கள். கண்ணை மூடிக்கொண்டு உட்காருங்கள். அண்ணி கொஞ்சம் பஞ்சைத் திரித்து முதலில் உங்கள் முழங்காலுக்குக் கீழேயும், பிறகு பாதத்திலும் விரல்களிலும் தொடட்டும். தொடும்போதெல்லாம் நீங்கள் "ம்" சொல்லுங்கள். எனக்குப் பதில் எழுத வேண்டாம். அண்ணி எழுதினால் போதும்.

வேம்பு


தா.பழூர்
16-5-1983

வேம்புக்கு,

கடிதம் வந்தது. படித்தேன். உன் அண்ணிக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது என்பதை மறந்துவிட்டாய்போல. ஆகவே நானே எழுத வேண்டியதாயிற்று.

என் காலில் ஒரு கொப்புளம் இல்லை. இந்த வட்டாரத்தில் எத்தனை பம்புசெட்டு ஓடுகிறதோ அத்தனையும் என் கை பட்டுத்தான் ஓடுகிறது. போன வாரம் முப்பதடி கிணற்றில் இறங்கி ஃபுட்வால்வு மாற்றினேன். சீக்காளி செய்கிற வேலையா அது? இளைத்தது வெயிலால். தண்ணீர் குடிப்பதும் வெயிலால்.

ஆத்தா தாங்கினாள் என்று நான் சொன்னது உனக்குப் பொறுக்கவில்லை. வெள்ளை உடுப்புப் போட்டதிலிருந்து உனக்கு எதைப் பார்த்தாலும் வியாதிதான். அப்பாவின் காலுக்குக் கையெழுத்துப் போட்ட கை இப்போது என் காலுக்கு வந்திருக்கிறது. நான் அன்று நெய்வேலியில் மோட்டார் சாமான் வாங்கிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காத்திருக்க முடியவில்லை உன்னால். திரும்பி வந்து பார்க்கிறேன், போர்வைக்குக் கீழே ஒரு பக்கம் தட்டையாகக் கிடக்கிறது. அதை நான் மறக்க மாட்டேன்.

இனி எழுதாதே.

செல்லதுரை

பஞ்சு வாங்கி வா என்று உன் அண்ணி இரண்டு நாளாக நச்சரிக்கிறாள். உன் வேலைதான் இது.


பெரம்பலூர்
20-5-1983

அண்ணனுக்கு,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன்.

ஆத்தா தாங்கினாளா இல்லையா என்று சொல்ல நான் யார்? ஆனால் ஒன்று கேட்கிறேன். சுடும் என்று தெரிந்து, பயந்து, மஞ்சள் துணி கட்டிப் பத்து நாள் விரதம் இருந்து, அப்படியும் இறங்குவதுதானே வேண்டுதல்? சுடாத நெருப்பில் நடப்பதற்கு வேண்டுதல் எதற்கு? உங்களிடமிருந்து அதை எதுவோ திருடிக்கொண்டு போயிருக்கிறது. எது என்று பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

அப்பாவின் காலை எடுத்த தஞ்சாவூர் விஷயத்தை நீங்களே எடுத்துவிட்டீர்கள். அதனால் சொல்கிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அந்த வருடம் பொங்கலுக்கு நான் லீவில் வந்தேன். அப்பா கட்டிலில் வேட்டியால் காலைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "என்னப்பா, காலுக்கு என்ன" என்று கேட்டேன். "குளிருதும்மா" என்றார். நான் நம்பினேன். செருப்பு ஆணி குத்தி, குழி விழுந்து, துணியைச் சுற்றிக்கொண்டு அதையே மிதித்து நடந்திருக்கிறார். வலிக்கவில்லை என்பதால் யாரிடமும் சொல்லவில்லை. நான் நர்ஸ். ஒரு நாளைக்கு இருபது புண்ணுக்குக் கட்டுப் போடுகிறேன். என் அப்பாவின் வேட்டியை விலக்கிப் பார்க்கவில்லை.

தஞ்சாவூரில் டாக்டர், "மூணு வாரம் முன்னாடி வந்திருந்தா ஒரு விரலோட போயிருக்கும்மா. இப்ப ஒரு நாள் தள்ளினா ஆளே போயிடுவார்" என்றார். நான் போட்டேன். இன்றைக்கு அதே காகிதத்தை நீட்டினாலும் போடுவேன். என்னைத் தின்பது அந்தக் கையெழுத்து இல்லை. அந்தப் பொங்கல்.

அதனால்தான் எழுதுகிறேன். எத்தனை முறை எழுதாதே என்றாலும் எழுதுவேன்.

வேம்பு


தா.பழூர்
25-5-1983

வேம்புக்கு,

நாளைக் காலை நம் ஊர்ப் பாவாடை அண்ணன் கோர்ட்டு வேலையாகப் பெரம்பலூர் வருகிறார். தபாலில் போட்டால் மூன்று நாளாகும் என்று அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நேற்று பஞ்சு வாங்கி வந்தேன். உனக்காக இல்லை, உன் அண்ணியின் வாயை அடைப்பதற்காக. கண்ணை மூடி உட்கார்ந்தேன். கெண்டைக்காலில் தொட்டாள், "ம்" என்றேன். மறுபடி தொட்டாள், "ம்" என்றேன். பிறகு ஒன்றும் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன். "என்னடி, ஆரம்பிக்கலயா, எவ்வளவு நேரம் கண்ண மூடிக்கிட்டு ஒக்காருறது" என்று கேட்டேன். கண்ணைத் திறந்தால் உன் அண்ணி அழுதுகொண்டிருக்கிறாள். "ரெண்டு பாதத்துலயும் வெரல் வெரலா தொட்டுட்டேங்க. அமுத்திக்கூட பாத்தேங்க" என்கிறாள்.

அதோடு முடியவில்லை. வலது காலைத் தூக்கி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தவள், "ஏங்க, இது என்னங்க ஆணி மாதிரி?" என்றாள். பெருவிரலுக்குக் கீழே, காய்த்துப் போன தோலுக்கு நடுவில், கருவேல முள். செருப்பு ரப்பரையும் துளைத்துக்கொண்டு ஏறியிருக்கிறது. போன வாரத் திங்கட்கிழமை கருவேலங்காட்டு வழியாக ஒரு மோட்டார் பார்க்கப் போனேன். அப்படியானால் ஒன்பது நாள். ஒன்பது நாளாக அதை மிதித்துக்கொண்டு நடந்திருக்கிறேன். அழுத்தினால் ஈரம் கசிகிறது.

மெக்கானிக்கான எனக்கு இது முன்பே புரிந்திருக்க வேண்டும். ஒயர் அறுந்த மோட்டாரைத் தொட்டால் ஷாக் அடிக்காது. ஷாக் அடிக்கவில்லை, ஆகவே மோட்டார் நன்றாக இருக்கிறது என்று எவனாவது சொன்னால் நானே சிரிப்பேன்.

பயப்படாதே. சனிக்கிழமை எனக்கு வேலை இல்லை. பிளேடைக் காய்ச்சி அந்தக் காய்ப்பைச் சீவிவிட்டு, முள்ளை எடுத்து, சூடாக எண்ணெய் விட்டால் சரியாகிவிடும். அதுதான் வலிக்காதே.

செல்லதுரை


பெரம்பலூர்
26-5-1983
பாவாடை அண்ணன் கையில்

அண்ணா,

பிளேடைத் தொடாதீர்கள். எண்ணெய் வேண்டாம், சூடு வேண்டாம். எவ்வளவு ஆழம் போகிறது என்று உங்களுக்குத் தெரியாது, எவ்வளவு சூடு என்றும் தெரியாது.

கொதித்து ஆறிய தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியைச் சுற்றுங்கள். அந்தக் காலை ஊன்றி நடக்காதீர்கள். நாளை முதல் பஸ்ஸில் அண்ணியோடு ஏறுங்கள். ஜெயங்கொண்டத்திலும் அரியலூரிலும் பஸ் மாறும்போது அண்ணி தோளைப் பிடித்துக்கொண்டு நடங்கள். வெட்கப்பட இது நேரமில்லை.

ஸ்டாண்டில் நான் நிற்பேன். என்னோடு பேச வேண்டாம். வந்தால் போதும்.

வேம்பு


பெரம்பலூர்
20-6-1983

அண்ணனுக்கு,

எனக்கு ஓய்வு நாளாகப் பார்த்து, சொல்லாமல் கிளம்பிவிட்டீர்கள். இருபத்திரண்டு நாள் தினமும் நான்தான் கட்டுப் போட்டேன். கட்டுப் போடும்போதெல்லாம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். பரவாயில்லை. கால் என் பக்கம் இருந்தது.

நீங்கள் கேட்காததையும் எழுதிவிடுகிறேன். வந்த அன்று உங்கள் சிறுநீரை நீல மருந்தில் கலந்து காய்ச்சினோம். சர்க்கரை இல்லையென்றால் நீலமாகவே நிற்கும். உங்களுடையது செங்கல் நிறத்தில் வந்தது. போகும்போது இலேசான பச்சை. ஊசிக்கும் சாப்பாட்டுக்கும் உடம்பு கேட்டது. புண்ணைத் திறந்தபோது சீழ் எலும்பு வரை போகவில்லை. "இன்னும் பத்து நாள் விட்டிருந்தா வெரல் போயிருக்கும்" என்றார் டாக்டர். புண் ஆறிவிட்டது. ஆனால் உணர்ச்சி திரும்பி வராது அண்ணா. இனிமேல் கால் சொல்லாததைக் கண்தான் சொல்ல வேண்டும். தினமும் விளக்கு வைக்கும் முன் அடிப்பாதத்தைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வையுங்கள். விரல் இடுக்கை ஈரம் போகத் துடையுங்கள். வெறுங்காலோடு வாசலுக்குக்கூடப் போகாதீர்கள்.

உங்கள் காலுக்கென்று இங்கே அளவெடுத்துச் செய்த செருப்பைக் கட்டிலுக்கு அடியில் விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். மறதியில்லை என்று தெரியும். பார்சலில் அனுப்புகிறேன்.

வேம்பு


தா.பழூர்
8-7-1983

வேம்புக்கு,

பார்சல் வந்தது. மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறேன். உன் அண்ணி அரிசியை அளந்து போடுகிறாள், கண்ணாடியைத் தரையில் வைத்துக்கொண்டு தினமும் என் பாதத்துக்குப் பூசை போடுகிறாள். அதெல்லாம் சரி.

செருப்பு சரியில்லை. அந்தக் கருப்பு ரப்பர் செருப்பு யாருக்குக் கொடுப்பது என்று ஊருக்கே தெரியும். பெருவியாதிக்காரர்களுக்கு. செவ்வாய்க்கிழமை போட்டுக்கொண்டு அரியமுத்து கொல்லைக்குப் போனேன். அவருடைய ஏழரைக் குதிரை மோட்டாருக்குப் பத்து வருடமாக நான்தான் வைத்தியர். காலைப் பார்த்தார். "என்ன செல்லதுர, ஒனக்கு அந்த வியாதியா? இந்தச் செருப்போட என் மோட்டார் கொட்டாய்க்குள்ள வராதப்பா" என்றார். டீக்கடையில் எனக்கு மட்டும் கொட்டாங்கச்சியில் டீ வந்தது. நம் அப்பா காலத்தில் நாம் கொட்டாங்கச்சியில் குடித்தது வேறு காரணம். அதைத் தாண்டி வர எத்தனை பாடுபட்டோம் என்று உனக்குத் தெரியும். ஒரு செருப்பு என்னைத் திரும்ப அங்கே கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டது.

வேறு நல்ல தோல் செருப்பாக வாங்கிக்கொள்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

செல்லதுரை


பெரம்பலூர்
15-7-1983

அண்ணனுக்கு,

கடிதத்தைப் படித்து அழுதேன். பிறகு கோபம் வந்தது. உங்கள் மேல் இல்லை.

தோல் செருப்பு வேண்டாம். அதில் ஆணி அடிப்பார்கள். விறைப்பாக இருக்கும், வார் உரசும், உங்களுக்குத் தெரியாது. அப்பாவின் செருப்பு தோல் செருப்புதான்.

அந்தக் கருப்புச் செருப்பைச் செய்தவர் அங்கமுத்து. உங்கள் பாதத்தைக் காகிதத்தில் வரைந்துகொண்டு போனாரே, அவர். அவருக்கு அந்த நோய் இருந்தது. மருந்து சாப்பிட்டுக் குணமாகி எட்டு வருடமாகிறது. யாருக்கும் ஒட்டாது. ஆனால் போன விரல்களும் உணர்ச்சியும் வரவில்லை. அவர் பாதமும் உங்கள் பாதமும் இப்போது ஒரே மாதிரி. வேறு வேறு நோய், ஒரே ஊமைக் கால். அப்படிப்பட்ட காலுக்கு என்ன வேண்டும் என்று எங்கள் எல்லோரையும்விட அவருக்குத்தான் தெரியும். முதல் ஜோடியில் உங்கள் பெருவிரலுக்குக் கீழே அழுத்தம் விழுகிறது என்று பிரித்துப்போட்டுத் திரும்பச் செய்தார். நீங்கள் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

கொட்டாங்கச்சியை நீட்டுகிறவனுக்குப் பயந்து காலைக் கொடுக்கப் போகிறீர்களா அண்ணா? நீங்கள் அப்படிப்பட்ட ஆள் இல்லையே.

வேம்பு


தா.பழூர்
3-10-1983

தங்கச்சிக்கு,

பதில் போடத் தாமதம். சொல்வதற்கு ஏதாவது நடக்கட்டும் என்று இருந்தேன்.

அதே செருப்பைப் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். கொட்டாங்கச்சி வந்தது. வாங்கிக் கீழே வைத்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து, வலது காலைத் தூக்கி எல்லோருக்கும் அடிப்பாதத்தைக் காட்டினேன். "இது சர்க்கர. முள்ளு குத்தி ஒம்போது நாளு தெரியாம நடந்தேன். இந்தச் செருப்புதான் என் காலக் காப்பாத்துது. எனக்கு கிளாஸ்ல டீ குடுக்க முடியாதுன்னா, நாளைக்கி உங்க மோட்டாரு நின்னா என்னயக் கூப்பிடாதீங்க" என்றேன். குறுவைத் தண்ணீர் பாய்கிற நேரம். கிளாஸ் வந்தது.

அரியமுத்து மட்டும் இன்னும் கூப்பிடவில்லை. ஜெயங்கொண்டத்திலிருந்து ஆள் வரவழைக்கிறார். இருக்கட்டும்.

போன வாரம் உங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். நீ டூட்டியில் இருந்தாய். பார்க்காமல் அங்கமுத்துவைப் பார்க்கப் போனேன். அவருடைய தையல் மிஷின் இழுத்துக்கொண்டிருந்தது. பிரித்து எண்ணெய் போட்டுச் சரிசெய்து கொடுத்தேன். இரண்டு பேரும் டீ குடித்தோம்.

செல்லதுரை


தா.பழூர்
7-5-1984

தங்கச்சிக்கு,

இந்தக் கடிதத்தைக் கொண்டு வருகிறவர் அரியமுத்து. ஆச்சரியப்படாதே, முழுதும் படி.

நேற்று தீமிதி. நான் காப்புக் கட்டவில்லை. பூசாரியிடம் போய், "என் காலுக்கு நெருப்பு தெரியல சாமி. தெரியாம எறங்குறது சரியில்ல. வேற ஏதாச்சும் குடுங்க" என்றேன். என் காலைப் பார்த்துவிட்டு, "பால் குழிகிட்ட நில்லு. வர்றவங்களக் கையப் புடிச்சித் தூக்கி விடு" என்றார். நின்றேன். ஐம்பத்தெட்டுப் பேர். ஒவ்வொருவரும் பாலில் கால் வைத்ததும் என் கையை இறுக்கிப் பிடித்தார்கள். அந்தப் பிடியில் எல்லோருக்கும் எவ்வளவு சுட்டது என்று எனக்குத் தெரிந்தது.

அரியமுத்து பிடிக்கவில்லை. சிரித்துக்கொண்டே ஏறினார். "ஒண்ணுமே சுடல, பூ மாதிரி இருந்துச்சு" என்றார். அவரை அப்படியே உட்கார வைத்து, கூட்டம் பார்க்கக் காலைத் தூக்கினேன். திட்டினார். பெருவிரல் முழுதும் வெந்திருந்தது. அதற்குக் கீழே பழைய குழி ஒன்று, சாம்பல் அடைத்துக் கிடந்தது. எத்தனை மாதமோ. நான் விரலை வைத்து அழுத்தினேன். அவர் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பஞ்சு கொண்டு வரச் சொல்லி, நீ சொன்னபடி செய்து காட்டினேன். முடிவில், "செல்லதுர, நீ எப்பத் தொட்டே?" என்று கேட்டார். அந்தக் குரலை நான் கேட்டிருக்கிறேன். அது என் குரல்தான்.

அவர் மகன் முத்துசாமி, அப்பன் காலை வெட்டிவிடுவார்கள் என்று பயந்து நிற்கிறான். எதிலும் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறான். நான் சொல்லியிருக்கிறேன்: விரலை எடுத்தால்தான் கால் நிற்கும் என்று வேம்பு சொன்னால் நான் வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் கையெழுத்துக்குக் கீழே சாட்சியாக நான் போடுகிறேன் என்று.

வேம்பு, இதை எழுதும்போது தஞ்சாவூரை நினைத்துக்கொண்டேன். நான் அன்று இருந்திருந்தால் போட விட்டிருக்க மாட்டேன். அப்பா இரண்டு நாளில் போயிருப்பார். நீ போட்டதால் நாற்பது நாள் இருந்தார். அந்த நாற்பது நாளில்தான் என் மகளை மடியில் போட்டு அவள் காதில் பெயர் சொன்னார். நான்கு வருடமாக நான் எண்ணியது போன காலைத்தான். கிடைத்த நாற்பது நாளை எண்ணவில்லை.

வாசப்படி அங்கேயேதான் இருக்கிறது. நீ வந்து மிதிக்க வேண்டும்.

உன் அண்ணன்
செல்லதுரை


பெரம்பலூர்
2-6-1984

அண்ணனுக்கு,

அரியமுத்து அய்யாவுக்குப் பெருவிரல் மட்டும்தான் போனது. நேற்று புதிய தோல் ரோஜா நிறத்தில் வந்திருப்பதை அவரே கண்ணாடியில் பார்த்தார். நீங்கள் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வராந்தாவில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரமும் முத்துசாமி உங்கள் கையை விடவில்லையாம். என்னிடம் சொன்னான். "மாமா இல்லன்னா நான் ஓடிப் போயிருப்பேன் சிஸ்டர்" என்றான்.

அய்யாவுக்கு அங்கமுத்து செருப்பு அளவு எடுக்க வந்தார். முதலில் அய்யா காலை இழுத்துக்கொண்டார். அங்கமுத்து காகிதத்தை விரித்துக் காத்திருந்தார். பிறகு அய்யா தானே காலை எடுத்து அதன் மேல் வைத்தார்.

டாக்டரிடம் உங்கள் டீக்கடைக் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டு யோசித்தார். இனிமேல் சர்க்கரை என்று யார் வந்தாலும், சீட்டில் மருந்து எழுதுவதற்கு முன்னால் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பார்த்துத் தொட்டுவிட வேண்டும் என்று முடிவாகியிருக்கிறது. புதன்கிழமை தோறும். வேலை என்னுடையது. தா.பழூரிலிருந்து நான்கு பேரைக் கூட்டி வருவதாகப் பாவாடை அண்ணன் மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். கூட்டி வாருங்கள்.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை நான் ஊருக்கு வருகிறேன். அண்ணியிடம் சொல்லிவிடுங்கள். நான்கு வருடமாக உங்கள் மகள் எவ்வளவு உயரம் வளர்ந்திருக்கிறாள் என்று தெரியாமல் ஒரு பாவாடை தைத்து வைத்திருக்கிறேன். நீளமாக இருந்தால் மடித்துத் தைத்துக்கொள்ளலாம்.

வந்ததும் முதலில் சாப்பாடு கேட்க மாட்டேன். காலை நீட்டிக்கொண்டு உட்காருங்கள், பார்த்துவிட்டுத்தான் கை கழுவுவேன்.

உங்கள் தங்கச்சி
வேம்பு